திருவல்லிக்கேணி போர்ஷன் வீடு: யாரையும் காலி செய்யாமல் சீர்செய்த அனுபவம்

முகப்பு 20 அடி, ஆழம் 110 அடி. ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) 200 சதுர அடி குறைவு. கீழே மூன்று, மாடியில் மூன்று என ஆறு போர்ஷன். கீழே நடுவில் இருந்த ஒன்று மட்டும் காலி. அத்தனை குடும்பத்துக்கும் பின்கட்டில் பொதுவாக ஒரு குளியலறை, இரண்டு கழிப்பறை. இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளோடு பொதுச்சுவர். திண்ணையை யாரோ எப்போதோ கம்பி போட்டு அடைத்து ஸ்கூட்டர் நிறுத்தும் இடமாக்கியிருந்தார்கள். ரேழி என்கிற நுழைவு நடை, முற்றம், கிணறு எல்லாம் அப்படியே இருந்தன.

நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கினோம். வீட்டைக் காட்டிய புரோக்கர் முதல் பார்க்க வந்த எஞ்சினியர்கள் வரை எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "எல்லாரையும் காலி பண்ணிட்டு வேலைய ஆரம்பிங்க சார்." நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அதற்கு இரக்கம் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். வாடகை நின்றுபோனால் வங்கித் தவணையை எங்கிருந்து கட்டுவது? அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. அந்த வீட்டுக்கு என்ன கோளாறு என்று தெரிந்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். அவர்களை அனுப்பிவிட்டால் அந்த விவரமும் அவர்களோடு போய்விடும்.

பத்திர வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் வீடு வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மனை யாருடையது என்பதை. மனை கோயிலுக்கும், மேலே உள்ள கட்டடம் மட்டும் வீட்டுக்காரருக்கும் சொந்தமான வீடுகள் இங்கே நிறைய. வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் மூலப்பத்திரம் வரை படித்து, நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அடுத்தது வாரிசுகள். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்குமாக 2005-லும் வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, பூர்வீகச் சொத்து என்றால் பெண்களின் கையெழுத்து இல்லாமல் நகரவே கூடாது. "அவங்களுக்குக் கல்யாணத்துலயே செஞ்சாச்சு" என்று விற்பவர் சொல்வதெல்லாம் சட்டத்துக்குப் பதில் ஆகாது. எங்கள் பத்திரத்தில் ஒரு வாரிசு அமெரிக்காவில் இருந்தார். அவர் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். டிடிஎஸ், அதாவது விற்பவருக்குத் தரும் பணத்தில் வாங்குபவர் பிடித்துக் கட்டும் வருமான வரி விஷயத்திலும் அவர் தனி. 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரயத்தில் உள்ளூர் வாரிசுகளுக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும். அதையும் விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவமாகக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு விகிதமே வேறு, வரி பிடிப்பவருக்கான டான் எண்ணும் எங்கள் பக்கம் வாங்க வேண்டியிருந்தது. முத்திரை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

யாரும் எளிதில் சொல்லாத ஒன்று, லீஸ் பணம். ஆறில் ஒரு போர்ஷன் போக்கியத்தில் இருந்தது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடிவைப்பது. வீடு கைமாறினாலும் குடியிருப்பவர் உரிமை அப்படியே நீடிக்கும். அந்தத் தொகையைத் திருப்பித் தரும் கடமையும் கூடவே வரும். ஒவ்வொரு போர்ஷனிலும் போய் உட்கார்ந்து அட்வான்ஸ் எவ்வளவு, யாரிடம் கொடுத்தது, ரசீது உண்டா என்று கேட்டு எழுதி, அந்த மொத்தத்தைக் கிரயத் தொகையில் கழித்துக்கொண்டோம். அப்படி உட்கார்ந்து பேசியபோதுதான் ஒழுகல் கதையும் வந்தது.

மாடிப் பின்பக்கப் போர்ஷனில் இருந்த பாட்டி சொன்னார்: "தம்பி, இங்க மழை பெய்யும்போது சொட்டாது. மழை விட்ட மறுநாள்தான் சொட்டும். முன்னால இருக்கற ஆட்டோக்காரர் வீட்டுல தூறல் போட்டாலே ஒழுகும்." இந்த இரண்டு வாக்கியத்துக்கு எந்த எஞ்சினியர் ரிப்போர்ட்டும் ஈடாகாது. ஏன் என்று புரிய, மேலே இருந்த கூரையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பழைய சென்னை வீடுகளின் கூரை மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அதன்மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களான அச்சுக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாக வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். அதற்கு மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலம் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. கம்பியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. மொத்தப் பாரத்தையும் தாங்குவது மரம். தண்ணீரைத் தடுப்பது சுண்ணாம்பு.

தூறலுக்கே ஒழுகினால் தண்ணீர் நேராக ஓர் ஓட்டை வழியாக வருகிறது என்று அர்த்தம். ஆட்டோக்காரர் வீட்டுக்கு மேலே கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் அரசங்கன்று முளைத்திருந்தது. மேலே ஒரு முழம்தான், ஆனால் வேர் சுவருக்குள் எங்கேயோ போயிருந்தது. பிடித்து இழுத்தால் வரும் வேர் இல்லை அது. அந்த மூலையைப் பிரித்து, வேரைத் தேடி எடுத்து, புதிதாகக் கட்டித்தான் தீர்ந்தது. மறுநாள் சொட்டுவது வேறு வகை. தண்ணீர் தளத்துக்குள் ஊறி, தேங்கி, மெதுவாக இறங்குகிறது. பாட்டி வீட்டுக்கு மேலே தட்டோட்டின் மேல் முன்பு யாரோ இரண்டு அங்குலத்துக்குச் சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். அது வெடித்திருந்தது. வெடிப்பு வழியே இறங்கிய நீர் சிமென்ட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெயிலில் காயவும் முடியாமல் கீழேதான் வழி தேடியது. அதற்கு மேல் இரண்டு 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகள், தளத்தின் நட்டநடுவில். நிரம்பினால் ஆளுக்கு ஒரு டன். நூறு வயது நெருங்கும் தேக்குக் கட்டைகள் தலையில்.

வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகள் சில வந்து பார்த்தன. எல்லோரும் சொன்னது அந்தச் சிமென்ட்டுக்கு மேல் இன்னொரு பூச்சு. நாங்கள் சிமென்ட்டை முழுவதும் பெயர்த்து எடுத்தோம். ஓங்கி அடிக்கும் மெஷின் எதுவும் வேண்டாம் என்று மேஸ்திரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கீழே அச்சுக்கல் கலகலத்துவிடும். உளியும் சுத்தியலும்தான். மேஸ்திரி காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர். இந்த மாதிரி வேலைக்கு ஆள் தேடுவதென்றால் கட்டட கான்ட்ராக்டர்களிடம் போவதைவிட, குடமுழுக்கு முடிந்த கோயிலில் போய் விசாரிப்பது நல்லது.

சுண்ணாம்பு வேலைக்குப் பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடங்கி, வெயில் கொளுத்துவதற்குள் முடித்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் போட்டால் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். ஈரச்சாக்கு போட்டு, மெதுவாகக் காற்றைக் குடித்துத்தான் அது கல்லாகிறது. கடுக்காய் நீர் சில நாள் ஊறி நொதித்தபோது வீடு முழுக்க ஒரு வாடை. மாடியில் நடு போர்ஷனில் தங்கியிருந்த ஐடி பையன்கள், "அண்ணா, மாடில சாராயம் ஏதும் காய்ச்சலியே?" என்று கேட்டார்கள்.

அடுத்து மரம். கட்டைகளின் நடுப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் முனை இறங்கவே இல்லை. அசல் பர்மா தேக்கு. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள்தான் பிரச்சினை. ஈரச்சுவருக்குள் காற்றில்லாமல் இருந்ததில் சிலவற்றில் ஒரு சாண் அளவுக்கு மக்கிப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தட்டினால் சத்தம் மாறும். அதற்காகக் கட்டையையே மாற்ற வேண்டியதில்லை. கீழே சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் பாரத்தை ஏந்திக்கொண்டு, சுவரை ஒட்டி நீளவாட்டில் ஒரு இரும்பு சேனலைக் குறுக்குச்சுவர்களில் உட்காரவைத்தோம். கட்டைகள் இப்போது சுவருக்கு முன்பே அந்தச் சேனலில் அமர்கின்றன. அழுகின முனையை வெட்டி எடுத்த இடத்தில் காற்றோட்டத்துக்கு இடைவெளி. மெரினா நடக்கிற தூரத்தில் இருக்கிறது, உப்புக்காற்று இரும்பை விடாது. அதனால் சேனலுக்கு எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகுதான் மேலே ஏற்றினோம்.

இந்த உப்புக்காற்றின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பின்கட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இருந்த கழிப்பறைகள் பிற்பாடு கட்டியவை, ஆர்சிசி தளம். கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைத் தள்ளித் தள்ளிக் கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. குளிக்கப் போகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பாட்டன் காலத்துச் சுண்ணாம்புக் கூரை நிற்கிறது, நேற்று போட்ட கான்கிரீட் உதிர்கிறது. பழைய வீடு பலமில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டில் பிற்பாடு ஒட்டவைத்ததைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

கழிவுநீர்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. கழிப்பறைகள் பின்கோடியில், தெருச் சாக்கடை முன்னால். நடுவே வீட்டுக்கு அடியில் பழைய பீங்கான் குழாய். நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் என்று வைத்தாலே 110 அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறக்கம் வேண்டும். தெருவிலோ வருஷக்கணக்கில் தார் மேல் தார் போட்டு, சாலை உயர்ந்து, வீட்டுத்தரை சாலைக்கு ஒரு படி கீழே போயிருந்தது. தையல்கடை வைத்திருக்கும் பாய் கீழே முன்பக்கம் இருக்கிறார். "ஐப்பசி வந்தா நாங்க கட்டில் காலுக்குச் செங்கல் வெச்சுருவோம்" என்றார். மழை நாளில் சேம்பர், அதாவது சாக்கடைக் குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டி, எதிர்த்துக்கொண்டு ரேழிக்கு வந்துவிடும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் ஆட்கள் சென்னையில் உண்டுதான். ஆனால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள சுண்ணாம்புக் கட்டடத்தை எப்படித் தூக்குவது? பக்கத்து வீடும் சேர்ந்தல்லவா எழுந்திருக்க வேண்டும்!

காலியாக இருந்த அந்த நடு போர்ஷனில்தான் வழி கிடைத்தது. வெளிச்சமில்லாத அறை, யாரும் வாடகைக்கு எடுக்காததும் அதனால்தான். அதற்கு நேர் மேலே மாடியில் சாமான் போடும் அறை. எல்லாக் கழிப்பறைகளையும் இந்த இரண்டு அறைகளுக்குள் கொண்டுவந்துவிட்டால் குழாயின் நீளம் பாதியாகிறது, தேவையான இறக்கமும் பாதியாகிறது. பின்கோடியிலிருந்து துவைக்கிற தண்ணீர் மட்டும் வந்தால் போதும். கீழ்க் கழிப்பறைகளின் தரையை ஒன்றரை அடி உயர்த்தி, படி வைத்து, புதிய பிவிசி குழாயைப் பழையதற்கு மேல்மட்டத்தில் எடுத்தோம். திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு சேம்பர், தெருவுக்கு முந்தைய சேம்பரில் எதிர்நீர் ஏறாமல் தடுக்கும் வால்வு.

அம்மாவுக்குத்தான் ஒப்பவில்லை. வீட்டின் நடுவில் கழிப்பறையா, வாஸ்துப்படி வீட்டின் மையமான பிரம்மஸ்தானம் என்ன ஆவது என்றார். மேஸ்திரி நாடாவைப் பிடித்து அளந்து காட்டி, "நடு முற்றத்துல வருதும்மா, ரூமு தெற்கால தள்ளித்தான் இருக்கு" என்று முடித்துவைத்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. அவர் நாடாவை எங்கிருந்து பிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

மரக்கட்டைத் தளத்தின் மேல் குளியலறை வைப்பது தற்கொலை. அதனால் அந்த ஓர் அறைக்கு மட்டும் நடுத்தளத்தைப் பிரித்து, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வரைந்து கொடுத்தபடி ஆர்சிசி தளம் போட்டோம். கம்பியைத் தூக்கிப்பிடிக்கும் கவர் பிளாக்கை அதற்கு அடியில் வைக்கிறார்களா என்று நான் கூடவே நின்று பார்த்தேன். பின்கட்டு உதிர்ந்ததற்குக் காரணமே கம்பி மேலோட்டமாக இருந்ததுதான். பிரித்த இடத்தில் கிடைத்த தேக்கும் அச்சுக்கல்லும் மற்ற அறைகளில் மிச்சமிருந்த ஒட்டு வேலைக்கு அப்படியே பொருந்தின. அதே வயது, அதே அளவு. எந்தக் கடையிலும் இது கிடைக்காது.

இவ்வளவும் ஆட்கள் குடியிருக்கும்போதே நடந்தது எப்படி என்று கேட்பார்கள். அதே நடு போர்ஷன்தான். கடைசிவரை அதைத் தொடவில்லை. முதலில் அதில் ஒரு பல்ப், ஒரு ஃபேன், ஒரு சமையல் மேடை. ஒவ்வொரு குடும்பமாக அதில் வந்து தங்கும்; அவர்கள் போர்ஷனில் கூரை, பூச்சு, ஒயரிங் முடிந்ததும் திரும்பிப் போகும்; அடுத்த குடும்பம் வரும். தங்கியிருந்த காலத்துக்குப் பாதி வாடகை. பள்ளித் தேர்வு நடக்கும் வீட்டைத் தேர்வு முடிந்த பிறகு எடுத்தோம். பாட்டி மட்டும் கடைசிவரை ரேழியிலேயே படுத்துக்கொண்டு, "நான் காவலுக்கு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் காவல்தான். சுண்ணாம்புத் தளத்தில் சாக்கு காய்ந்தால் சித்தாளுக்கு முன்னால் அவர் குரல் வரும். குடும்பங்கள் எல்லாம் திரும்பிய பிறகு அந்தப் போர்ஷன் கழிப்பறைகளாக மாறியது. புதியவை ஓட ஆரம்பித்த மறுநாள் பின்கட்டை இடித்தோம்.

சுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வீடுகளில் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேயும் போகும். முன்பு இருந்தவர்கள் உப்பு பூக்கிறது என்று கீழிருந்து நாலடிக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் அதற்கு மேலே ஏறி ஆறடியில் பூத்தது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, சில வாரம் சுவரைச் சும்மா காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கொஞ்சம் செங்கல் பொடியும் சேர்த்துப் பூசி, மேலே சுண்ணாம்பே அடித்தோம். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். ஐடி பையன்கள் ஒரு சுவருக்கு நீலம் கேட்டார்கள்; சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தோம், பழைய வீடு மாதிரியே இருக்கிறது என்று அவர்களுக்கு வருத்தம்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. மரப்பட்டிக்குள் ஓடிய பழைய ஒயர், கறுப்பு உருண்டைச் சுவிட்ச், பீங்கான் ஃபியூஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, போர்ஷனுக்கு ஒன்று. ஈரச்சுவர் உள்ள வீட்டில் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். தொட்டிகளை நடுத்தளத்திலிருந்து எடுத்து, இரண்டு சுமைச்சுவர்கள் மேல் அமரும் இரும்பு உத்திரங்களுக்கு மாற்றினோம். கிணற்றைத் தூர்வாரி, மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விட்டோம். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். இந்த வீட்டில் குழாய் மட்டும் இருந்தது, அது ரேழியில் முடிந்தது.

வாடகை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ஐச் சேர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். இங்கே எல்லாமே வாய்ப்பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பேரோடும் முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். வேலை முடியும்வரை ஏற்றமில்லை, முடிந்த பிறகு இரண்டு கட்டமாக ஏற்றம், அட்வான்ஸ் மூன்று மாதம். பழைய பத்து மாத அட்வான்ஸில் மிச்சத்தை வாடகையில் கழித்தோம். கூரை, சுவர், வெள்ளையடிப்பு, ஒயரிங், குழாய் மாற்றுவது எங்கள் பொறுப்பு. பைப் வாஷர், சுவிட்ச், சாக்கெட் அவர்கள் பொறுப்பு. சட்டத்தின் அட்டவணையிலும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள், அதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். வருமான வரியில், வாடகையில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் எவ்வளவு செலவு செய்திருந்தாலும் பழுதுபார்த்த கணக்கு அதற்குள் அடக்கம். அண்ணன் சேர்த்துவைத்த பில் கட்டைப் பார்த்து ஆடிட்டர் சிரித்தார்.

போர்ஷன் ஒன்று குறைந்துவிட்டது. மிச்சமுள்ள ஐந்துக்கும் சொந்தக் கழிப்பறை வந்ததால் வாடகைக் கணக்கு ஆறாக இருந்த காலத்தைவிட மேலாகவே நிற்கிறது. போன ஐப்பசியில் பாய் கட்டிலுக்குச் செங்கல் வைத்தார். வால்வை அவர் நம்பவில்லை. தண்ணீர் வரவில்லை.

பாக்கி இருப்பது கிழக்குப் பொதுச்சுவரின் மேல்பகுதி. அந்தப் பக்கம் பூச்சே இல்லை, சாரல் நேராக அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சாரம் கட்ட இடம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். செலவில் பாதி என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடுகிறது. தை பிறந்ததும் மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் முடிவாகாவிட்டால் முழுச் செலவையும் நாங்களே போட்டு முடித்துவிடுவதாக இருக்கிறோம்.